வின்சன்ட் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

கடலில் வின்சன்ட் வாய் திறப்பது அபூர்வம். கரைக்கு வந்தால் அதற்கும் சேர்த்துப் பேசிவிடுவான். அந்த வாயால் அவன் தேடிக்கொண்ட வில்லங்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபடி மாதாவோடு பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு.

அவன் மனைவி மாகிரட்டுக்குப் பித்தப்பையில் கல். ஒரு மணித்தியால வேலை என்றுதான் உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, கதவு மட்டும் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அவனோடு சண்டையும் பிடித்துச் சோறும் போட்டவள் உள்ளே கிடக்க, வெளியே இருந்தவனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சும்மா ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று நேர்ந்திருந்தால் மாதா போதாது என்றா சொல்லியிருப்பா? வின்சன்டுக்குத்தான் போதவில்லை. தன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி என்றான். கடையில் வாங்காமல் தன் கையாலேயே வார்ப்பேன் என்றான். திருநாளுக்கு முந்தின மாலை, வெஸ்பர் ஆராதனை அன்று, மாதாவின் சுருவச் சிலை கோவிலை விட்டுப் புறப்படும்போது ஏற்றினால், ஊரைச் சுற்றி அது திரும்பி வரும்வரை அணையாமல் எரியும் என்றும் சேர்த்துக்கொண்டான். சொல்லி வாய் மூடக் கதவு திறந்தது.

"அணையாமல் எரியவேணும் எண்டு மாதா உங்களிட்டக் கேட்டவவோ?" வீட்டுக்கு வந்த மாகிரட் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள். "துறைமுகத்துக் காத்துக்கு லாம்பே நிண்டு எரியாது. உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"நேர்ந்தாச்சு. இனிக் கதை இல்லை."

"நல்லகாலம், உங்கட தம்பி றிக்சன் நேரேல்லை. ஆறடிக்கு மெழுகுக்கு எங்க போறது!"

உயரக் கதை வந்தால் வின்சன்டுக்குப் பொத்துக்கொண்டு வரும். தான் ஐந்தடி ஐந்தங்குலம் என்பது அவனுடைய கட்சி. ஐந்தடி நாலுக்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை என்பது மாகிரட்டின் கட்சி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து தீராத வழக்கு அது. மெழுகுதிரியை அவன் ஐந்தடி ஐந்துக்கே வார்த்தான்.

வார்த்த விதமும் அவன் விதம்தான். இரண்டங்குலப் பைப் ஒன்றை நெடுக இரண்டாக அரிந்து, திரும்பவும் சேர்த்து ரப்பர் வாரால் சுற்றிக் கட்டினான். கடையில் பெட்டி பெட்டியாக மெழுகுதிரி வாங்கி, மீன் அவிக்கிற பெரிய சட்டியில் போட்டு உருக்கினான். உள்ளே மிதந்த நூல்களை எல்லாம் அகப்பையால் அள்ளி முற்றத்தில் எறிந்தான். பருத்தி நூலாவது திரியாவது! கடைக்காரர் மலிவுக்குப் போடுகிற சாமான் அது, இழுத்துக் கட்டினால் அறும், ஈரம் பட்டால் உக்கும். மாதாவுக்கு அதைக் கொடுக்கலாமா? ஆழ்கடல் தூண்டிலுக்குப் போடுகிற தடித்த தங்கூசி ஒன்று அவனிடம் இருந்தது, நைலோனில் செய்த ஒற்றை இழை, கண்ணாடிபோல வழுவழுப்பு. அவன் வாழ்நாளில் பிடித்த ஆகப் பெரிய அறக்குளா மீன் அந்தத் தங்கூசியில்தான் வந்தது. அதைப் பைப்பின் இரண்டு முனைக்கும் வெளியே நீட்டி, வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டி, நடுவில் மெழுகை வார்த்தான். இறுக இரண்டு நாள் பிடித்தது. பிரித்தபோது முருங்கைக்காய்க்கு இருக்கிற கோணல்கூட இல்லாமல் நேராக வந்தது. தெருவே வந்து பார்த்தது.

நேர்த்திக்கடன் மெழுகுதிரியை முன்கூட்டி ஏற்றிப் பார்ப்பது அந்தக் கோவில் பங்கில் வழக்கமில்லை. படைக்கும் முன் சாப்பாட்டை ருசி பார்த்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். ஆகவே யாரும் ஏற்றிப் பார்க்கவில்லை.

மாகிரட்டை வெட்டி ஐந்தாம் கிழமை, வெஸ்பர் சனிக்கிழமை வந்தது. அன்று காலை உம்மு குல்சும் டீச்சர் மீனுக்கு வந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர். சனி தவறாமல் ஸ்கூட்டியில் வருவார், வின்சன்ட் சத்தியம் பண்ணினாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் மீன் எடுக்கமாட்டார். அன்றைக்கும் ஒரு பாரையின் செவுளைத் திறந்தவர், வேப்பமரத்தோடு சாத்தி நின்ற மெழுகுதிரியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ். இதை நீங்களா அண்ணன் செய்தீங்க?"

"நான் தனியத்தான், டீச்சர்."

டீச்சர் கிட்டப்போய்க் குதிகாலை உயர்த்திப் பார்த்தார். "நுனியில என்ன மினுங்குது?"

"தங்கூசி. அம்பது கிலோ மீன் இழுத்தாலும் அறாது."

"அது சரி, திரி எங்க?"

"அதுதான் திரி."

டீச்சர் பாரையை மெல்லப் பலகையில் வைத்தார். பரீட்சைத் தாளில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பிழையான விடையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"மிச்ச மெழுகு இருக்கா அண்ணன்? மிச்சத் தங்கூசி?"

இரண்டும் இருந்தன. "கொஞ்சம் பருத்தி நூலும் வேணும்" என்றார். வின்சன்ட் கையை விரித்தான். மாகிரட் குசினிக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அவன் முற்றத்தில் எறிந்த நூல் முழுவதும் அதற்குள் இருந்தது.

"அடுப்பு மூட்ட நல்லது எண்டு பொறுக்கி வைச்சனான்" என்றாள். "எறியிறதுக்கு ஒராள், பொறுக்கிறதுக்கு ஒராள்."

இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மெழுகு ஊற்றி, ஒன்றில் தங்கூசியும் மற்றதில் நூலும் நட்டு ஆறவிட்டார்கள். டீச்சர் முதலில் தங்கூசிக்கு நெருப்பு வைத்தார். அது சுருண்டது, உருகி ஒரு மணியானது, சொட்டென்று விழுந்து நாறியது. நெருப்பு நின்றுவிட்டது. இரண்டாம் தரமும் அப்படி. மூன்றாம் தரம் வின்சன்ட் தீப்பெட்டியைப் பறித்துத் தானே வைத்தான். நெருப்புக்கு ஆள் மாறியது தெரியவில்லை, அதேபோல அணைந்தது. பக்கத்துச் சிரட்டையில் அடுப்படிக்கு ஒதுக்கிய நூல் ஒரு சின்னச் சுடரோடு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"சரி, இதில எரியுறது என்ன?" என்று டீச்சர் கேட்டார். ஆளைப் பார்த்தால் சனிக்கிழமை என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

"நூல்" என்றான் வின்சன்ட்.

"நூலெண்டால் எப்பவோ எரிஞ்சு முடிஞ்சிருக்கும். மெழுகுதான்" என்றாள் மாகிரட்.

"அக்கா கிட்ட வந்திட்டா. ஆனா கட்டி மெழுகு எரியாது, உருகின மெழுகும் எரியாது. அண்ணன், நீங்க சாரம் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணியில நிண்டா சாரம் எதுமட்டும் நனையும்?"

"தொடைமட்டும் ஏறும். அதில என்ன?"

"யாரு ஏத்திறது?"

"ஒருத்தரும் ஏத்திறேல்லை. சீலை உறிஞ்சும், தானா ஏறும்."

"அதேதான். சூட்டில மெழுகு உருகி ஒரு குளம் நிக்குதா? அதை நூல் உறிஞ்சி மேல கொண்டுபோகுது. மேல சூடு கூட, அங்க அது ஆவியாகுது. அந்த ஆவிதான் எரியுது. அந்தச் சூட்டில கீழ இன்னும் மெழுகு உருகுது, திரும்ப ஏறுது."

"மெழுகு ஏறிக்கொண்டு இருக்குமட்டும் நூல் கருகி முடியாது" என்று மாகிரட் தொடர்ந்தாள். "சட்டியில தண்ணி இருக்குமட்டும் சட்டி அடிப்பிடியாது. அப்பிடித்தானே?"

"என்ட வகுப்புக்கு வாங்க அக்கா" என்றார் டீச்சர். பிறகு வின்சன்டின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "தங்கூசியில ஈரம் ஏறுமா அண்ணன்?"

"ஏறாது. ஈரம் ஏறாது எண்டுதானே அதைத் தூண்டிலுக்கு..." வின்சன்ட் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பராக்குக் காட்டுவதுபோல இன்னொன்றைச் செய்தார். எரிந்துகொண்டிருந்த சுடரை ஊதி அணைத்தார். நூலிலிருந்து வெள்ளைப் புகை இழையாக மேலே எழுந்தது. தீக்குச்சி ஒன்றைக் கிழித்து, நூலுக்கு நாலு விரற்கடை மேலே, அந்தப் புகையில் பிடித்தார். நெருப்பு புகை வழியே கீழே ஓடி வந்து நூலில் குந்தியது.

"ஐயோ மாதாவே!" என்றாள் மாகிரட்.

"அந்தப் புகை எரியாமல் மிஞ்சின மெழுகுதான் அக்கா. அதுக்கு நெருப்புக் காட்டினாப் போதும்."

மாகிரட் தீப்பெட்டியை வாங்கித் தானும் ஊதி, தானும் கொளுத்திப் பார்த்தாள். ஒருதரம், இரண்டுதரம், ஐந்துதரம். குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். சிரித்தால் வெட்டின இடம் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வின்சன்ட் அவளையே பார்த்தான்.

"சிரி, சிரி. உனக்கென்ன? திங்கட்கிழமை கிளினிக் இருக்கு. இண்டைக்கு இது எரியாட்டி நான் மாதாவுக்கு என்ன சொல்லுறது?"

"எனக்கு ஒண்டும் வராது. சுகமாத்தானே இருக்கிறன்."

"நீ மயக்கத்தில கிடந்தனி. நாலு மணித்தியாலம் வெளியில இருந்தது நானெல்லோ!"

தன் உயிரை அவன் அந்த மெழுகுதிரியோடு கட்டிவைத்திருக்கிறான் என்பது மாகிரட்டுக்குத் தெரியும். விளையாட்டுக்குக்கூட அவிழ்க்க முடியாத கட்டு அது. அவள் தீப்பெட்டியை மூடினாள்.

திரும்ப உருக்கி வார்க்கலாமா? இறுக இரண்டு நாள் வேண்டும், வெஸ்பருக்கு எட்டு மணித்தியாலம்தான் இருந்தது. நடுவில் கம்பியைக் காய்ச்சித் துளை போடலாமா? ஐந்தடி நீளத்துக்கு நேராகப் போகாது, வெடிக்கும். டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லித் தானே ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"நூலெண்டால் மெழுகு ஊறிப் பிடிச்சிருக்கும். இதில ஊறாது, ஒட்டவும் ஒட்டாது. அதுதான் கரைச்சலே."

வின்சன்ட் தலையை நிமிர்த்தினான். "என்ன சொன்னனீங்கள்?"

"ஒட்டாது எண்டன்."

"ஒட்டாட்டிக் கழரும்!" வின்சன்ட் எழும்பிவிட்டான். "பெரிய மீன் இழுக்கேக்க தங்கூசி நீளும் டீச்சர். நீண்டால் மெலியும். மெலிஞ்சால் மெழுகை விட்டிடும். அதின்ர வாலில நூலைக் கட்டி இழுத்தால்..."

டீச்சர் வாயைப் பிளந்தார். "இது எனக்கு வரேல்லையே அண்ணன்!"

அதன்பிறகு அந்த முற்றத்தில் நடந்ததைத் தெருவில் போனவர்கள் பார்த்திருந்தால் வின்சன்டுக்கு விசர் என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள். மெழுகுதிரி முறியாமல் இருக்க அதைத் திரும்பவும் பைப்புக்குள் வைத்துக் கட்டி, பைப்பைப் படுக்கவைத்து வேப்பமரத்தோடு பிணைத்தார்கள். டீச்சர் கைப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டு டின் நூல்களை நீளம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் வரும். வின்சன்ட் ஒன்றின் வாலை மற்றதன் தலையோடு சேர்த்து, மூன்று புரியாக, தங்கூசியின் தடிப்புக்கு மேல் போகாமல், கயிறு திரிக்கிற மாதிரித் திரித்தான். முடிச்சு ஒன்றுகூட இல்லை, முடிச்சு இருந்தால் துளைக்குள் சிக்கும். மாகிரட் அதை உருகின மெழுகில் தோய்த்து எடுத்து, தங்கூசியின் சீவி மெலித்த வாலோடு சேர்த்துத் தையல் நூலால் நெருக்கிச் சுற்றினாள்.

வின்சன்ட் தங்கூசியின் மற்ற முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தான். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சாய்ந்தான். தங்கூசி மெல்ல நீண்டது. மீனோடு இழுபறிப்படும்போது செய்வதுபோல அவசரப்படாமல், விடாமல் பிடித்தான். உள்ளே எங்கோ டிக் என்று ஒரு சத்தம்.

"விட்டிட்டுது!" என்று டீச்சர் கத்தினார்.

ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது. மற்ற முனையில் மாகிரட் நூலைத் தடவித் தடவி உள்ளே விட்டாள். கடைசியில் தங்கூசி முழுதாகக் கழன்று வர, அதன் பின்னால் நூலின் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது. ஆகப் பெரிய அறக்குளாவைப் பிடித்த அன்றுகூட வின்சன்ட் இப்படிக் கூவியதில்லை. பாரையை டீச்சருக்குச் சும்மா கொடுத்தான். அவர் அப்போதும் செவுளை இன்னொருதரம் பார்த்துத்தான் வாங்கினார்.

பின்னேரம் மெழுகுதிரியைக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுபோய், கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்போடு சேர்த்துக் கட்டி நிறுத்தினார்கள். மாகிரட்டால் சுருவத்தோடு நடக்க ஏலாது, ஆகவே பக்கத்தில் அவளுக்கு ஒரு கதிரை. கையில் மற்றவர்களைப்போல ஒரு சின்ன மெழுகுதிரி, காற்றுக்குக் கடதாசிக் கோப்பை சுற்றியது. மணி அடித்தது. வின்சன்ட் பீடத்து நெருப்பைக் கொண்டுவந்து ஏற்றினான்.

பிடித்தது. முதலில் ஒரு கடலை அளவு, பிறகு விரல் அளவு. சுருவம் புறப்பட்டது, பாட்டுச் சத்தம் உட்துறைமுக வீதிப் பக்கமாகத் தேய்ந்துபோனது. வின்சன்ட் சுருவத்தின் பின்னால் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் தன் இரண்டு உள்ளங்கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக மெழுகுதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இரண்டு சுற்றுச் சுத்தினால் தலை சுத்தும். இருங்கோவன்" என்றாள் மாகிரட்.

"நீ பேசாமல் இரு."

பாட்டுச் சத்தம் திரும்பவும் கிட்ட வரத் தொடங்கியது. சுருவம் கடைசி மூலையில் திரும்புகிறது என்று யாரோ சொன்னார்கள். வின்சன்ட் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், ஒரு கணம்தான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அதற்கென்றே காத்திருந்ததுபோல மற்றப் பக்கத்தால் வந்து ஒரு அடி அடித்தது. திரும்பிப் பார்த்தால் சுடரைக் காணோம்.

வின்சன்ட் மரமாக நின்றான். ஆஸ்பத்திரிக் கதவு திரும்பவும் கண் முன்னே மூடிக்கொண்டது.

கதிரை கிறீச்சிட்டது. மாகிரட் ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு எழுந்து, சேலைத் தலைப்பை விரித்துக் காற்றை மறித்தாள். நூலிலிருந்து வெள்ளைப் புகை நேராக எழுந்தது. கையிலிருந்த சின்ன மெழுகுதிரியை அந்தப் புகையில், நாலு விரற்கடை மேலே, பிடித்தாள். நெருப்பு கீழே ஓடி வந்து நூலில் குந்தியது.

"அற்புதம்!" பக்கத்தில் நின்ற இராசமலர் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டாள். "தொடவே இல்லை! தானாப் பத்தினது! என்ர கண்ணால கண்டனான்!"

"அற்புதம் இல்லையக்கா" என்றான் வின்சன்ட். "அந்தப் புகையிலயும் மெழுகு இருக்கு." பிறகு மாகிரட்டிடம் இரகசியமாகக் கேட்டான். "அணைஞ்சது அணைஞ்சதுதானே?"

"புகை அறேல்லை. புகை அறாட்டி அணையேல்லை. வேணுமெண்டால் டீச்சரிட்டக் கேளுங்கோ."

"நான் ஏத்திறன் எண்டெல்லோ நேர்ந்தனான்."

"ஏத்தினது நீங்கள்தான். ஆனால் இது என்ர உயிருக்கு நேர்ந்தது. அணையேக்க நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?"

வின்சன்ட் அவளைப் பார்த்தான். கையில் நெருப்போடு, வயிற்றில் தையல் தழும்போடு, சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றாள். ஐந்து கிழமையாக அவன் நெஞ்சுக்குள் கிடந்த பயம் அந்த இடத்திலேயே கழன்றது. கண்ணைத் துடைத்தான், புகை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டான்.

சுருவம் முற்றத்துக்குள் வந்து நின்றது. மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. காற்றில் வழிந்தும் எரிந்தும் கொஞ்சம் குறைந்திருந்தது. மதிலுக்கு வெளியே ஸ்கூட்டியில் சாய்ந்து நின்ற உம்மு குல்சும் டீச்சர் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, இதுக்குப் பக்கத்தில கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் மாகிரட்.

"ஏன்?"

"நில்லுங்கோவன்."

வின்சன்ட் மெழுகுதிரியோடு முதுகு சேர்த்து விறைப்பாக நின்றான். மாகிரட் அவன் தலைக்கு மேலே உள்ளங்கையை வைத்து, அப்படியே மெழுகின் விளிம்புக்குக் கொண்டுபோனாள். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"ஓரங்குலம் எரிஞ்சிருக்கு" என்றாள். "இப்பதான் உங்கட நேர்த்தி சரி."